இடது கை நீண்ட ஸ்வெட்டர்

மலேசியாவிலேயே குளிர்காலம் என்ற ஒன்று வந்துபோன ஒரே தெரு, ஈப்போவில் நாங்கள் குடியிருந்த தெருதான். வானிலை இலாகாவுக்கு இந்தச் சங்கதி தெரியாது. தெருக்கோடியில் இருந்த விண்டர் அண்ணனுக்குத் தெரியும். ஆண்டுதோறும் டிசம்பர் முதல் தேதி காலை பதினொரு மணிக்கு, தன்னிடம் இருப்பதிலேயே தடிமனான கம்பளி ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு நடுரோட்டுக்கு வருவார். உள்ளங்கைகளைப் பரபரவென்று தேய்த்துக்கொண்டு அறிவிப்பார்.

"விண்டர் வந்துருச்சு லா! எல்லாரும் பத்திரமா இருந்துக்குங்க!"

அந்த நேரத்தில் ரோட்டுத் தார் இளகி எங்கள் சிலிப்பரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும்.

அவருடைய சொந்தப் பெயர் தபால்காரருக்குத் தெரிந்திருக்கலாம். எங்களில் ஒருவருக்கும் தெரியாது. வேலை ஐஸ் பாக்டரியில். பாளம் பாளமாக உறைந்த ஐஸைக் கொக்கி போட்டு இழுத்து ஸ்டோருக்குள் அடுக்க வேண்டும். மற்றவர்கள் கோணிச்சாக்கைத் தோளில் போர்த்திக்கொண்டு உள்ளே போவார்கள். இவர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போனார். அதில் ஒரு குற்றமும் இல்லை. வெளியே வந்த பிறகும் கழற்றமாட்டேன் என்றதுதான் கதை. பாசாருக்கு மீன் வாங்கப் போனாலும் ஸ்வெட்டர், கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் ஸ்வெட்டர். ரசம் ஊற்ற வந்தவர் முறைத்துப் பார்த்தால், "ஒடம்பு பழகிருச்சுண்ணே, இனிமே மாத்த முடியாது" என்பார்.

அவர் கண்ட ஒரே வெளியூர்க் குளிர் கேமரன் மலை. அதுவும் ஒரே ஒரு தடவை, காய்கறி லோரியில் தொற்றிக்கொண்டு போய், மூன்று மணி நேரம் இருந்துவிட்டு அதே லோரியில் இறங்கிவிட்டார். ஆனாலும் லண்டன் பனியைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால், பிறந்து தவழ்ந்ததே அங்கேதான் என்று கேட்பவர்களுக்குத் தோன்றும். ஆதாரம், அவர் வீட்டுச் சுவரில் தொங்கிய ஒரு பிஸ்கட் கம்பெனி காலண்டர். பனி மூடிய ஒரு வீடு, புகைபோக்கி, பக்கத்தில் ஒரு வெள்ளைக் குதிரை. வருடம் முடிந்து எத்தனையோ வருடம் ஆகியும் அதை அவர் இறக்கவில்லை.

ஸ்வெட்டர்கள் எல்லாம் அவரே பின்னியவை. கம்பளி நூல் விற்ற சீனக் கடையில், இந்த மனிதர் தினமும் வந்து நின்று வேடிக்கை பார்ப்பதைத் தாங்கமுடியாமல் கடை முதலாளியான தவ்கேயின் மனைவி சொல்லிக் கொடுத்துவிட்டாராம். அண்ணன் பின்னல் ஊசி வாங்கவில்லை. மீ நூடுல்ஸ் கடையில் இரண்டு சாப்ஸ்டிக் கேட்டு வாங்கி, சிமெண்டுத் தரையில் தேய்த்துக் கூராக்கிக்கொண்டார். ஆள் ஆறடி. ஐஸ் இழுத்து இழுத்து முறுக்கேறிய கை. அந்தக் கைகளுக்கு நடுவே சாப்ஸ்டிக்கும் நூலும் ஓடுவதைப் பார்க்க வாசலில் எப்போதும் நாலு பேர் நிற்பார்கள்.

அவர் பின்னிய எல்லா ஸ்வெட்டரிலும் இடது கை மட்டும் நாலு விரற்கடை நீளம் அதிகம். அளவெடுக்கத் தெரியவில்லை என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அதை அவர் காதுபடச் சொன்னால் கோபம் வந்துவிடும்.

"வலது கை வேல செய்யுது, தன்னால சூடாயிரும். எடது கை சும்மாதான தொங்குது? அதுக்குத்தான் லா குளிரு ஜாஸ்தி!"

இந்த விஞ்ஞானத்தைச் சரிபார்க்கும் அளவுக்கு எங்களில் யாருக்கும் படிப்பு இல்லை.

ஒரு தைப்பூசத்தன்று, குகைக் கோயிலுக்குக் காவடி பார்க்கப் போனார். நெற்றிப்பொட்டில் அடிக்கிற வெயில். கழுத்துவரை கம்பளி. வியர்வை முழங்கையிலிருந்து சொட்டுகிறது. பார்த்த சனங்கள் இது ஏதோ கடுமையான நேர்த்திக்கடன் என்று முடிவு கட்டிவிட்டார்கள். யாரோ ஒரு அம்மா "வேல் வேல்" என்று குரல் எழுப்பி, ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை அவர் காலில் ஊற்றினார். அடுத்தவர் தலையில் ஊற்றினார். வழிவிட்டார்கள், விபூதி கேட்டார்கள். அண்ணன் இல்லை என்று சொல்லப் பார்த்தார். மௌன விரதத்தை முறிக்காதீங்க சாமி என்று வாயைப் பொத்திவிட்டார்கள். மாலையில் வீடு திரும்பியபோது தண்ணீர் குடித்த ஸ்வெட்டர் முழங்காலுக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்து வீட்டு ரோசக்கா ஜெபமாலையும் கையுமாக வாசலில் நின்றவர், சிரிப்பை அடக்கமுடியாமல் உள்ளே ஓடிவிட்டார்.

அவருடைய புகழ் பரவியது விண்டர் டியூஷனால்தான். அந்தக் காலத்தில் படிக்கவும் நர்ஸ் பயிற்சிக்கும் பிள்ளைகள் இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். எங்கள் தெருவுக்கு இங்கிலாந்து முழுவதும் லண்டன்தான். போகிறவர்களை அண்ணன் ஞாயிற்றுக்கிழமை பாக்டரிக்கு அழைத்துப்போய்ப் பாடம் நடத்துவார். ஐஸ் தண்ணீர் வழிந்த தரையில் வழுக்காமல் நடப்பது எப்படி, மரத்த விரலால் பொத்தான் போடுவது எப்படி. எல்லாவற்றுக்கும் மேலான பாடம் ஒன்று உண்டு.

"குளிர்ல வாயத் தொறக்கவே கூடாது. காத்து பூந்துரும். வெள்ளக்காரன் ஏன் வாயத் தொறக்காம பேசுறான்னு நெனைக்கிற? எல்லாம் அதுக்குத்தான்!"

டியூஷன் முடித்துப் போன ஒருவர் லண்டனிலிருந்து கடிதம் எழுதினார். அது ஜூலை மாதம். ஒரே வெயில், ஸ்வெட்டர் தேவைப்படவில்லை என்று எழுதியிருந்தார். அண்ணன் இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "வேற ஊர்ல எறங்கிட்டாம் போல" என்று வருத்தப்பட்டார்.

எழுபதுகளின் நடுவில் எனக்குப் பத்தொன்பது வயது. எனக்கும் நர்ஸ் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. டாக்டர் நெஞ்சைச் சோதித்து ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பாக்கி இருந்தது விண்ணப்பப் பாரத்தில் அப்பாவின் கையெழுத்து. அப்பா பேனாவைத் தொடவில்லை.

அப்பாவைக் குறை சொல்ல முடியாது. ஈப்போவுக்கு வருவதற்கு முன் நாங்கள் கோப்பெங் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்தோம். மழைக்காலத்து விடியற்காலையில் ரப்பர் மரங்களுக்கு நடுவே பனிமூட்டம் இறங்கி நிற்கும். பைப்புத் தண்ணீர் பட்டால் பல் கிட்டும். அந்தக் குளிரில் எனக்கு இழுப்பு வந்துவிடும். அப்பா தன் காக்கிச் சட்டையைக் கழற்றி எனக்கு மாட்டி, கையை மடக்கிவிட்டு, சைக்கிளில் முன்னால் உட்காரவைத்துத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு மிதிப்பார். நான் போட்ட முதல் ஸ்வெட்டர் அதுதான். பாதி வழியில் சைக்கிளை நிறுத்தி, என் முதுகில் காதை வைத்து, மூச்சு ஓடுகிறதா என்று கேட்பார். பிறகு மறுபடி மிதிப்பார். வெற்று உடம்போடு போகிற அவருக்கும் குளிரும் என்று அப்போது எனக்குத் தோன்றியதே இல்லை. பத்து வயதில் எனக்கு இழுப்பு நின்றுவிட்டது. அப்பாவின் காதில் மட்டும் நிற்கவில்லை.

"பனி கொட்டுற ஊருக்கு இவள அனுப்பிட்டு நான் இங்க தூங்க முடியுமா?" என்று அப்பா கேட்டுவிட்டார். நான் அழுது பார்த்தேன், சாப்பிடாமல் கிடந்து பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் விண்டர் அண்ணன் வந்து நின்றார்.

"அண்ணே, தங்கச்சிய ஐஸ் ஸ்டோர்ல ஒரு மணி நேரம் ஒக்கார வைப்போம். அங்க தாங்குனா லண்டன்ல மூணு வருசம் தாங்கும்."

"இழுப்பு வந்தா?"

"வந்தா பாரத்த கிழிச்சுப் போடுங்க. நானும் கூடவே ஒக்காருறேன். எனக்கென்னா, சேஜுக்னா, குளிருன்னா என்னான்னே தெரியாது. இந்த ஒடம்பு குளிர்ல தோத்ததா சரித்திரமே இல்ல லா."

அப்பா ஒப்புக்கொண்டார். என் மூன்று வருடப் படிப்பு ஒரு மணி நேரத்தில் வந்து நின்றது.

எனக்கென்று அவசரமாக ஒரு ஸ்வெட்டர் பின்னினார். கிளிப்பச்சை நிறம். நடுவில் நூல் தீர்ந்துபோனதால் முதுகு மஞ்சள். இடது கை வழக்கம்போல என் விரல்களைத் தாண்டித் தொங்கியது. ஞாயிற்றுக்கிழமை காலை பசியாறிவிட்டுத் தெருவே ஐஸ் பாக்டரி வாசலில் கூடிவிட்டது. ரோசக்கா பிளாஸ்க்கில் இஞ்சித் தேத்தண்ணியோடு வந்திருந்தார். பாளங்களை வெளியே தள்ளுவதற்குச் சுவரில் ஒரு சின்னத் திறப்பு இருக்கும். அப்பா அங்கே போய்க் காதை வைத்துக்கொண்டு நின்றார். பாரம் அவர் சட்டைப் பையில்.

உள்ளே நாங்கள் இருவரும் கவிழ்த்துப் போட்ட தகர டின்களில் உட்கார்ந்தோம். முதல் அரை மணி நேரம் அண்ணன் காலண்டர்க் குதிரையின் குணாதிசயங்களைச் சொன்னார். எனக்குச் சிரிப்பாகக்கூட இருந்தது. நாற்பதாவது நிமிடம் வாக்கில் இயந்திர அறையிலிருந்து அம்மோனியா வாடை ஒரு வீச்சு வந்தது. நெஞ்சு பிடித்தது. மூச்சின் அடியில் மெல்லிசாக ஒரு விசில். ஒன்பது வருடமாகக் கேட்காத சத்தம். போச்சு, எல்லாம் போச்சு.

அண்ணன் என்னைப் பார்த்தார். திறப்பைப் பார்த்தார். அடுத்த நொடி, எஞ்சின் மக்கர் பண்ணுகிற லோரி மாதிரி "ஹீ... ஹீ..." என்று ஒரு சத்தம் அவர் நெஞ்சிலிருந்து கிளம்பியது.

"யாரு இழுக்குறது?" என்று அப்பாவின் குரல்.

"நாந்தாண்ணே! ஐயோயோ! தாஹான் பண்ண முடியல, தாங்க முடியல! கதவத் தொறங்க!"

கதவைத் திறந்ததும் ஆறடி மனிதர் வாசலில் தடாலென்று விழுந்தார். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. தெருவே அவர்மேல் பாய்ந்தது. ஒருவர் கழுத்துப் பட்டியைத் தளர்த்தினார், ரோசக்கா தேத்தண்ணியை வாயில் ஊற்றினார், அப்பா முட்டி போட்டு அவர் நெஞ்சைத் தேய்த்தார். நான் பின்னால் வெயிலில் தனியாக நின்றேன். விசில் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிக்கொண்டிருந்தது.

அப்பா திடீரென்று திரும்பினார். "நீ நல்லாத்தான இருக்க?"

வாயைத் திறந்தால் சத்தம் வெளியே வந்துவிடும். நான் உதடுகளை இறுக மூடிக்கொண்டு, வெள்ளைக்காரி போலப் புன்னகைத்து, தலையை மட்டும் ஆட்டினேன். கீழே கிடந்த அண்ணன் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். டியூஷன் வீண்போகவில்லை என்ற திருப்தி அந்த ஒரு கண்ணில் தெரிந்தது.

"அவனே விழுந்துட்டான், இவ நிக்கிறா பாரு" என்று அப்பா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அங்கேயே, ரோசக்காவின் முதுகில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

இங்கிலாந்தில் முதல் பனி கொட்டிய அன்று, அந்தப் பச்சை ஸ்வெட்டரோடு விடுதி முற்றத்தில் போய் நின்றேன். வாயை மூடிக்கொண்டு, இழுப்புக்காகக் காத்திருந்தேன். பத்து நிமிடம், இருபது நிமிடம். ஒன்றும் வரவில்லை. நெஞ்சு லேசாகி, மூச்சு தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அன்று என்னைத் தொந்தரவு செய்தது குளிரல்ல, அந்த அம்மோனியா வாடைதான் என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். "அப்பா, இழுப்பு வரவில்லை" என்று அன்றே எழுதிப் போட்டேன். அந்தக் கடிதம் கிடைத்த அன்று அப்பா மத்தியானமே படுத்து மாலைவரை தூங்கினாராம்.

அடுத்து ரோசக்காவிடமிருந்து வந்த கடிதத்தில்தான் ஒரு வரி என்னைக் குத்தியது. டிசம்பர் முதல் தேதி விண்டர் அண்ணன் வெளியே வரவில்லை. ஐஸ் பாக்டரி வாசலில் விழுந்ததிலிருந்து பாசாரில் அவரைப் பார்க்கிறவர்கள் எல்லாம், "அண்ணே, ஐஸ் கச்சாங் சாப்பிடுறீங்களா, மூச்சு வாங்குமா?" என்று கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். அவர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. ஸ்வெட்டரைக் கழற்றி வைத்துவிட்டார். அந்த வருடம் எங்கள் தெருவுக்குக் குளிர்காலம் வரவில்லை. அடுத்த வருடமும் வரவில்லை, அதற்கடுத்த வருடமும் வரவில்லை. என்னால் சிரிக்க முடியவில்லை.

பயிற்சி முடிந்து நான் ஊர் திரும்பியது ஒரு நவம்பர் கடைசியில். அண்ணன் பனியனோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். இறகு பிடுங்கிய கோழி மாதிரி இருந்தார். அருகில் போய், அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்றேன். பதறிவிட்டார்.

"அலாமாக், சும்மா இரு லா! கையெழுத்த திருப்பி வாங்கிடுவாரு!"

"பாஸ் பண்ணி நர்ஸ் ஆயிட்டேண்ணே. இனிமே எப்படித் திருப்பி வாங்குவாரு?"

"ஒங்கப்பாவ ஒனக்குத் தெரியாது" என்றார்.

டிசம்பர் முதல் தேதி காலை பதினொரு மணிக்கு, பச்சை ஸ்வெட்டரை எடுத்துக் கழுத்துவரை மாட்டிக்கொண்டேன். நடுரோட்டில் போய் நின்றேன். தார் சிலிப்பரைப் பிடித்து இழுத்தது. உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டு, லண்டனில் படித்த நர்ஸ் என்ற மரியாதையை எல்லாம் ஓரங்கட்டிவிட்டு, இருக்கிற மூச்சு முழுவதையும் போட்டுக் கத்தினேன்.

"விண்டர் வந்துருச்சு லா! எல்லாரும் பத்திரமா இருந்துக்குங்க!"

கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ரோசக்கா கைதட்டினார். அப்பா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். தெருக்கோடி வீட்டுக் கதவு கடைசியாகத் திறந்தது. பிறகு அண்ணன் வந்தார், இருப்பதிலேயே தடிமனான ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு. என்னைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்தார். தொங்கிக்கொண்டிருந்த என் இடது கையை இழுத்து நேராக்கினார்.

"மூணு வருசத்துல எடது கைக்குக் குளிருச்சா, சொல்லு?"

"ஒரு நாளும் குளிரலண்ணே" என்றேன்.