மூட முடியாத லேப்டாப்

திருவரங்குளம்,
கார்த்திகை கடைசி வெள்ளி.

அன்பும் மரியாதையும் மிகுந்த மாப்பிள்ளை குணசேகரன் அவர்களுக்கு மாமனார் ரெங்கசாமி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தை ராசாத்தியும் சௌக்கியம். எனக்கு முழங்கால் வலி, அவளுக்குச் சர்க்கரை; இரண்டையும் தள்ளிவிட்டுப் பார்த்தால் சௌக்கியம்தான். சென்னையில் நீங்களும் சம்பந்தியம்மாவும் பேத்தி பூவிழியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க அரங்குளநாதரை வேண்டுகிறேன். தை மாதம் நடக்கப்போகிற உங்கள் மறுமணத்துக்கு எங்கள் முழு மனசான சம்மதத்தைப் போனிலேயே சொல்லிவிட்டேன். ‘முழு மனசு’ என்று நான் சொன்னபோது உங்கள் அத்தை எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். தப்பாக நினைக்க வேண்டாம், குக்கர் விசில் அடித்தது.

நிற்க. அன்புமொழியின் லேப்டாப்பைக் கூரியரில் அனுப்பச் சொல்லிப் பல தடவை கேட்டுவிட்டீர்கள். பூவிழி கைக்குழந்தையாக இருந்தபோது எடுத்த வீடியோவெல்லாம் அதில்தான் இருக்கிறது, வேறெங்கும் இல்லை என்றீர்கள். நியாயமான பேச்சு. நான்தான் இந்தா அனுப்புகிறேன், அந்தா அனுப்புகிறேன் என்று இழுத்துக்கொண்டிருக்கிறேன். காரணத்தைப் போனில் சொல்ல வழியில்லை, போனை எடுத்தாலே உங்கள் அத்தை பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள். அதனால்தான் இந்தக் கடிதம். விஷயம் இதுதான்: லேப்டாப்பின் கீல் உடைந்துவிட்டது. உடைத்தது நான்.

நான் விளையாட்டு வாத்தியார் என்பது உங்களுக்குத் தெரியும். வேலை பார்த்த காலமெல்லாம் பிள்ளைகளுக்குக் குண்டு எறியக் கற்றுக்கொடுத்த கை. ஒரு சொம்புத் தண்ணீரை வைத்தாலும் வீடு அதிரும். “வச்சா ணங்குங்குது, எடுத்தா டமாருங்குது, ஒங்க கைக்கு மெதுவான்னு ஒண்ணு இருக்கதே தெரியாது” என்று உங்கள் அத்தை கல்யாணமான நாளிலிருந்து சொல்கிறாள். உடம்புக்கு முடியாமல் அன்புமொழி இங்கே வந்து தங்கி, படுத்தும் எழுந்தும் ஆபீஸ் வேலை பார்த்த மாதங்களில் எனக்கென்று தனிச் சட்டமே போட்டிருந்தாள். “அப்பா, ரெண்டு கையாலயும் அடியில தாங்கித் தூக்குங்க. திரையப் புடிச்சுத் தூக்காதீங்க. தெறக்கும்போது மூலையப் புடிக்காம நடுவுல புடிங்க. மேசையில பொத்துன்னு போடாம சமமா வைங்க, கீலு வீக்கா இருக்கு.” ஒரு லேப்டாப்பை மேசையில் வைக்க இத்தனை விதியா என்று கேட்டேன். “ஒங்களுக்கு மட்டுந்தாம்ப்பா இத்தன” என்றாள். வலியோடுதான் சிரித்தாள்.

போன வருஷம் ஆடியில் அவள் நம்மை விட்டுப் போன பிறகு அந்த லேப்டாப்பை நாங்கள் மூடவே இல்லை. அவள் வைத்த மேசையில் அப்படியே திறந்து இருந்தது. பாஸ்வேர்டு உங்களுக்குத்தான் தெரியும், எங்களுக்குத் தெரியாது. ஆனால் ஏதாவது ஒரு பட்டனைத் தொட்டால், பாஸ்வேர்டு கேட்பதற்கு முன்னால் ஒரு படம் வரும். நீங்கள் எடுத்த படம்தான்: தலைக்குக் குளித்த ஈரத்தோடு பூவிழியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரிக்கிறாளே, அது. அவள் தலைக்கு மேலே மணி காட்டும். தெருவில் யார் மணி கேட்டாலும் உங்கள் அத்தை உள்ளே ஓடி, பட்டனைத் தொட்டு, அதைப் பார்த்துத்தான் சொல்வாள். சுவரில் கடிகாரம் இருக்கிறதே என்றால், அதை நம்ப முடியாது என்பாள். ஒரு நாள் ‘அணைக்காதீர்கள்’ என்று எழுதிக் காட்டி ஏதோ வட்டம் சுற்ற ஆரம்பித்துப் படம் காணாமல் போய்விட்டது. உங்கள் அத்தை அரங்குளநாதருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டாள். மத்தியானம் படம் திரும்பி வந்தது. அது அப்டேட் ஆகியிருக்கும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். இருந்தாலும் நேர்ந்த தேங்காயை உடைத்துவிட்டோம், சாமி காரியத்தில் சந்தேகம் வைக்கக் கூடாது.

மேசைக்கு ஒரு கால் குட்டை. அதற்கு அட்டை மடித்து வைத்தேன். உங்கள் அத்தை மேசை வெறுமையாக இருக்கிறதென்று பூப்போட்ட விரிப்பு ஒன்றைப் போட்டாள். அட்டை நகர்ந்து, மேசை சாய்ந்து, விரிப்போடு லேப்டாப்பும் வழுக்கிக்கொண்டு வர, விழாமல் பிடிக்கிறேன் என்று நான் திரையைப் பிடித்துவிட்டேன். கீல் கறக்கென்று ஒரு சத்தம் கொடுத்தது. கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். உங்கள் அத்தையும் கேட்காத மாதிரி இருந்தாள். எங்களுக்குள் சண்டையில்லாத நாட்களில் அது ஒன்று.

இந்த நிலையில்தான் ஆயுத பூஜை வந்தது. துக்கம் நடந்த வருஷம் பண்டிகை கிடையாது. வருஷம் திரும்பியதால் இந்தத் தடவை விடக் கூடாது என்று வீட்டைக் கழுவி, வண்டியைத் துடைத்து, மோட்டார், கிரைண்டர், மண்வெட்டி, என் பழைய விசில் வரைக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். வருஷா வருஷம் செய்கிற கை, தன்பாட்டில் பூவையும் வைத்துக்கொண்டே போனது. வண்டிக்கு ஒரு சரம், கிரைண்டருக்கு ஒரு சரம். மேசைக்கு வந்ததும் லேப்டாப்பின் மேல் விளிம்பில் ஒரு சரத்தை இரண்டு பக்கமும் தொங்கும்படி போட்டேன். போடும்போது கை பட்டனில் பட்டிருக்க வேண்டும். படம் வந்தது. சிரிக்கிற முகம், அதைச் சுற்றிப் பூச்சரம். சாம்பிராணியோடு வந்த உங்கள் அத்தை அதைப் பார்த்துவிட்டாள்.

“ஏங்க! மாலையா போட்டீங்க? எம்புள்ளைக்கு மாலையா போட்டீங்க? எடுங்க! எடுங்கங்கறேன்ல!”

கூடத்துச் சுவரில் இருக்கிற அன்புமொழி படத்துக்குத் தன் கையால் மாலை போட்டவளும் அவள்தான். அந்தப் படத்தில் பிள்ளை விறைப்பாக, ஆதார் அட்டைக்கு உட்கார்ந்த மாதிரி இருப்பாள். அதற்கு மாலை போடலாம், இதற்குக் கூடாது என்று நாங்கள் பேசி வைத்துக்கொண்டதில்லை, ஆனாலும் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்தும் போட்டுவிட்டேனே என்று பதறிச் சரத்தைப் பிடித்து இழுத்தேன். நார் மூலையில் மாட்டிக்கொண்டிருந்தது. பூ வந்தது, கூடவே மூடியும் ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு வந்தது. படக்கென்று ஒரு சத்தம். அன்றைக்கு எங்கள் வீட்டில் பொரிகடலையை யாரும் தொடவில்லை.

மறுநாளே ரிப்பேருக்குப் புதுக்கோட்டை கிளம்பினேன். கீல் இறுகிப்போய் மூடி மூட மறுத்ததால், திறந்தபடியே இரண்டு கையிலும் தாம்பாளம் மாதிரி ஏந்திக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். “என்ன சார், சீர் வரிசையா?” என்று கண்டக்டர் கேட்டார், பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். ஒரு அம்மா மட்டும் எழுந்து, “உக்காருங்கய்யா, கைப்புள்ளைய வச்சிருக்க மாதிரில்ல நிக்கிறீங்க” என்று இடம் கொடுத்தார். அவருக்கு நன்றிகூடச் சொல்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கடைக்காரர் கீலைப் பார்க்கும் முன்னே பாஸ்வேர்டு கேட்டார். உங்களைக் கேட்டால் உடைத்தது தெரிந்துவிடும் என்று, மகளுக்குத்தான் தெரியும் என்றேன். “ஒரு போனப் போட்டுக் கேளுங்க சார்.”

“லைன் கெடைக்காது தம்பி.”

“டவர் இல்லாத ஊரா?”

“ஆமாப்பா” என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது மாப்பிள்ளை. கீல் இரும்பு நன்றாகத்தான் இருக்கிறது, அதை முடுக்கியிருக்கிற பிளாஸ்டிக்தான் பெயர்ந்துவிட்டது, இந்த மாடலுக்கு இப்போது புதுசு வருவதில்லை என்று சொல்லி, ஏதோ பசை வைத்து ஒட்டிக் கொடுத்தார். “தெறந்தே வச்சிருந்தா நிக்கும் சார். மூடினா, அடுத்து தெறக்கையில புட்டுக்கும்” என்றார்.

ஆகவே மாப்பிள்ளை, உடைந்தது உடைந்தபடி, நாளைக் காலையில் புதுக்கோட்டைக்குக் கொண்டுபோய்க் கூரியரில் போட்டுவிடுகிறேன். இந்தக் கடிதத்தையும் உள்ளே வைக்கிறேன். பூவிழிக்குச் சேர வேண்டிய பொருளை நாங்கள் வைத்துக்கொண்டிருப்பது முறையில்லை. உங்கள் அத்தையிடமும் சொல்லிவிட்டேன். வாக்குவாதம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. அன்புமொழியின் துப்பட்டா ஒன்றை எடுத்து வந்து, “இதுல சுத்துங்க, இடிபடாமப் போகும்” என்று கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள். இன்னும் எழுந்திருக்கவில்லை.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். பூவிழிக்கு அவளுடைய தாத்தாவும் அம்மாச்சியும் கொடுக்கிற முத்தம். வரப்போகிற பெண் ரஞ்சிதாவை நாங்கள் பார்த்ததில்லை. இருந்தாலும் எங்கள் ஆசீர்வாதத்தைச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைக்கு ஆயுசு கெட்டியாக இருக்கட்டும். உங்களுக்கு இன்னொரு தடவை இந்தக் கஷ்டம் வரக் கூடாது.

இப்படிக்கு,
உங்கள் நலம் நாடும் மாமா,
அ. ரெங்கசாமி

பின்குறிப்பு: கடிதம் மட்டும்தான் வருகிறது, தபாலில். லேப்டாப் வரவில்லை. இன்று காலை கூரியர் ஆபீஸ் வரைக்கும் போனேன். பெட்டிக்குள் வைக்க வேண்டுமானால் மூடித்தான் ஆக வேண்டும் என்றார்கள். சார்ஜ் இருந்தது, படம் வந்துவிட்டது. மெதுவாகத்தான் மூடினேன். பாதி வரைக்கும் வந்தது. அவள் முகத்தின் மேல் மூடியை இறக்க என்னால் முடியவில்லை மாப்பிள்ளை. சுடுகாட்டில் செய்ததை இன்னொரு தடவை செய்கிற மாதிரி இருந்தது. கவுண்டரில் நின்று எல்லோரும் பார்க்க அழுதுவிட்டு, திறந்தபடியே வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டேன். உங்கள் அத்தை இரண்டு கையாலும் வாங்கி மேசையில் வைத்தாள். எனவே மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடுங்கள். நீங்களே ஒரு நாள் வாருங்கள். பூவிழியைக் கூட்டி வாருங்கள், ரஞ்சிதாவும் வரட்டும். பாஸ்வேர்டைப் போட்டுத் திறந்து, வேண்டியதையெல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். எடுக்கும்போது, அன்புமொழி பேசுகிற வீடியோ ஒன்றே ஒன்றை மட்டும் எங்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். முகத்தைத் தினமும் பார்த்துவிடுகிறோம். அவள் குரலைக் கேட்டுத்தான் ரொம்ப நாளாகிவிட்டது.