ராம்யன் வாங்கிக் கொடுத்தவர்

'நான்தான் தூக்கிவிட்டேன்' என்று ஓர் இனம் இருக்கிறது. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. எந்தத் தொழிலிலும் இந்த இனம் உண்டு என்றாலும், கலப்படமில்லாத அசல் சரக்கைப் பார்க்க வேண்டுமென்றால் சியோலில் சம்சோங்-தோங் பக்கம் வந்து ஏதாவது ஓர் ஓவியக்கூடத்தின் கதவைத் தள்ளுங்கள். அது கூடத்தின் தலைவர் மா குவாங்-சொப்பின் கதவாக இருந்தால் உத்தமம்.

மா தலைவரிடம் எந்த ஓவியரின் பெயரையும் சொல்லிப் பாருங்கள். கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விடுவார்.

"அவனா? அட, குளிர்ல நடுங்கிக்கிட்டு என் வாசல்ல நின்னவன்யா. உள்ள கூப்பிட்டு ஒரு கிண்ணம் ராம்யன் நூடுல்ஸ் வாங்கிக் குடுத்தேன். முட்டையும் உடைச்சு ஊத்தச் சொன்னேன். இன்னைக்குப் பாரு, எங்கியோ போயிட்டான்!"

கொரியாவில் பேர் வாங்கிய ஓவியர்கள் எல்லோரும் அந்த ஒரு கிண்ணத்தில்தான் சாப்பிட்டிருக்கிறார்கள். கோதுமையே ஒத்துக்கொள்ளாத ஒரு சிற்பிகூட உறிஞ்சிக் குடித்தாராம். பேர் வாங்காமல் ஊருக்குத் திரும்பிப் போனவர்கள்? அவர்களுக்கு மட்டும் இவர் எதையும் வாங்கிக் கொடுத்ததாகத் தெரியவில்லை.

பொய் சொல்லக்கூடாது. கூடம் நாற்பது வருடமாக நிற்கிறது. உள்ளூர்க்காரன் வரைந்தது என்றால் உள்ளூர்க்காரனே திரும்பிப் பார்க்காத காலத்தில், பக்கத்துக் கடைகளெல்லாம் காபிக்கடையாக மாறிய காலத்தில், இவர் கதவைத் திறந்துதான் வைத்திருந்தார். மூடியிருக்கலாம். மூடவில்லை. அதோடு வாயையும் கொஞ்சம் மூடியிருந்தால் ஊரே சேர்ந்து சிலை வைத்திருக்கும். தன் சிலையைத் தானே செய்து, தானே தினமும் துடைத்துக்கொண்டிருக்கும் மனிதருக்கு ஊர் என்னதான் செய்யும்?

சுவரைப் பாருங்கள். புகைப்படங்கள். எல்லாவற்றிலும் நடுவில் மா தலைவர். ஓரத்தில் ஓவியரின் ஒரு காது.

அப்படி ஒரு காதாக மட்டும் பல படங்களில் இருப்பவள்தான் தோ யங்-ஒக். தென்மேற்குக் கடற்கரைக்காரி. கூட்டுக் கண்காட்சி என்றால் அவள் படம் கழிவறைக்குப் போகும் வழியில் தொங்கும். அறுபதை எட்டிய பிறகுதான் மா தலைவர் அவளுக்குத் தனிக் கண்காட்சி கொடுத்தார். அதற்கும் காரணம் இருந்தது. அவளுடைய பெரிய சாம்பல் நிறப் படத்தைப் பார்க்க அருங்காட்சியகத்திலிருந்து பியன் அம்மையார் வருவதாகச் சொல்லியிருந்தார். பிடித்தால் அது அருங்காட்சியகச் சுவரில் ஏறும். இல்லாவிட்டால் யங்-ஒக்கின் வீட்டுக் கட்டிலுக்கடியில் மற்ற படங்களோடு போய்ப் படுக்கும். இந்த வயதில் இன்னொரு முறை யார் வரப்போகிறார்கள்?

திறப்பு நாளன்று காலையிலிருந்தே பூக்கோபுரங்கள் வந்து இறங்கின. ஆள் உயரத்துக்கு மூன்றடுக்குப் பூ, இரண்டு பக்கமும் தொங்கும் நாடா, நாடாவில் வாழ்த்தைவிடப் பெரிய எழுத்தில் அனுப்பியவர் பெயர். மா தலைவர் கோட்டைக் கழற்றிவிட்டு வேலையில் இறங்கினார். படம் மாட்டும்போது எட்டிப் பார்க்காத மனிதர், எம்.பி.யின் பூவுக்குப் பக்கத்தில் வங்கி மேலாளர் பூவா, பள்ளித் தோழர் சங்கத்தின் பூவா என்று தலையைப் பிய்த்துக்கொண்டார். கடைசியில் மூன்றையும் பெரிய படத்துக்கு முன்னாலேயே வரிசையாக நிறுத்தினார். குழுப்படம் அங்கேதானே எடுப்பார்கள்!

"தலைவரே, படத்துல பாதி மறையுதுங்களே," என்றாள் யங்-ஒக்.

"நீ சும்மா இரும்மா. எம்.பி. பூவைக் கொண்டுபோய் மூலையில வைக்கச் சொல்றியா? அப்புறம் நான் அவர் மூஞ்சியில முழிக்கிறதா வேணாமா? மேல் பாதி தெரியுதுல்ல? அந்த வானம்தான் உன் பலமே."

"அது வானம் இல்லீங்க."

"பாத்தீங்களா அடக்கத்தை!" என்று பக்கத்திலிருந்தவர்களிடம் திரும்பினார் மா தலைவர். "அப்படி வளர்த்திருக்கேன்!"

பியன் அம்மையார் வந்தபோது மா தலைவரின் வரவேற்புரை கூடத்தைத் தொடங்கிய வருடத்தையே இன்னும் தாண்டவில்லை. அம்மையார் நின்று பார்த்தார். இடப்பக்கம் சாய்ந்து பார்த்தார். பூக்களுக்கு நடுவே கழுத்தை நீட்டிப் பார்த்தார், மகரந்தம் ஏறித் தும்மினார். பேச்சு முடிந்து தலைவர் ஓடிவந்ததும் கேட்டார்: "கீழ்ப் பக்கம் என்ன இருக்கு?"

"கீழயா? நம்ம எம்.பி. அனுப்பிச்ச பூ. நாடாவைப் படிச்சீங்களா?"

அம்மையார் கைப்பையை மூடினார்.

யங்-ஒக் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். நேராகப் போனாள். எம்.பி.யின் பூக்கோபுரத்தைக் குழந்தையைத் தூக்குவதுபோல் அணைத்துத் தூக்கினாள். மா தலைவர் "ஏய், ஏய், யங்-ஒக்!" என்று பின்னால் ஓட, அதைக் கொண்டுபோய்த் தெருவில் வைத்தாள். திரும்பி வந்தாள். வங்கியைத் தூக்கினாள். பிறகு பள்ளித் தோழர்களை. வழியெல்லாம் இதழ்கள்.

படத்தில் இருந்தது கடல் வற்றிய சேற்றுவெளி. மேலிருந்து கீழ்வரை சேறு. கீழ்ப் பாதியில், நண்டு வளைகளுக்கு நடுவே, சிப்பி பொறுக்கும் பெண்ணொருத்தி சேற்றில் சறுக்கும் பலகையைத் தள்ளிக்கொண்டு போன ஒற்றைத் தடம். பெண் இல்லை. தடம் மட்டும் இருந்தது.

பியன் அம்மையார் வெகுநேரம் நின்றார். "இதுக்குத்தான் வந்தேன்," என்றார். யங்-ஒக் அங்கேயே, எல்லோருக்கும் முன்னால், விசித்து விசித்து அழுதாள்.

மா தலைவர் அப்போது எங்கே இருந்தார் என்கிறீர்களா? தெருவில். எம்.பி.யின் நாடாவில் மண் படாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

இரவு விருந்தில் மக்கல்லி என்ற அரிசிக் கள் இரண்டு சுற்று வந்ததும் அவருக்குக் குரல் திரும்பிவிட்டது. "நான்தான் சொன்னேன்யா! 'பூவாவது மண்ணாவது, தூக்கிக் கடாசு, படம்தான் முக்கியம்'னு காதுல சொன்னேன். இவளுக்குத் தைரியம் எங்கேர்ந்து வந்துச்சுங்கிறீங்க?"

யங்-ஒக் இரண்டு கையாலும் மரியாதையாக அவர் கிண்ணத்தை நிரப்பினாள். "ரொம்ப நன்றிங்க தலைவரே. அப்ப, படத்துல கீழ என்ன இருந்துச்சு, நீங்களே சொல்லுங்க."

மா தலைவர் அசரவில்லை. "வேற என்ன? வானத்தோட நிழல்!"

எல்லோரும் கைதட்டினார்கள். யங்-ஒக் மட்டும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிரிக்கிறீர்கள். நல்லது. நீங்கள் வேலை வாங்கிக் கொடுத்த பையன், பாடம் சொல்லிக்கொடுத்த பெண், யாரோ ஒருவர் மேடையேறிப் பேசியிருப்பாரே. உங்கள் பெயர் வருகிறதா என்று முன்வரிசையில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்களே. பெயர் வந்ததா இல்லையா என்பது உங்களுக்கு நன்றாக நினைவிருக்கும். அவர் வேறு என்ன பேசினார், அதைச் சொல்லுங்கள் பார்க்கலாம்.