தலைவர் குரல் கொடுத்த ஊமைப்படம்

லண்டன் தமிழரின் கலை வாழ்வில் இருள் நீங்கிய நாள் ஒன்று உண்டென்றால், அது 1991இல் கிங்ஸ்பரியில் ஒரு வாடகை மண்டபத்தில் ஊமைப்படம் காட்டப்பட்ட அந்த ஞாயிற்றுக்கிழமைதான். காட்டியவர் 'உயர்ரசனைத் திரைக் கழக'த் தலைவர் பாலேந்திரா. தேநீர் ஊற்றியவள் அவர் மனைவி தவநாயகி. கழகத்தில் பெண்களுக்குச் 'சம பங்கு' இருந்தது. கோப்பை கழுவுவதும் அவர்களே.

படத்தில், ஆலை முதலாளி ஒருவர் கூலிக்காரனைக் கட்டிய மகளைப் பனியில் துரத்திவிடுகிறார். இடையிடையே ஆங்கில எழுத்துகள் வரும். சபையோரின் நன்மை கருதித் தலைவரே ஒலிவாங்கியைப் பிடித்துத் தமிழில் கதை சொன்னார். மகள் வெளியேறும் இடத்தில் அவர் குரல் தழுதழுத்தது. தகப்பனுக்காக.

பாதி மண்டபம் மூக்கை உறிஞ்சியது. தவநாயகிக்கு அழுகை வரவில்லை. அவளுடைய மகள் சிவகௌரி, 'எங்கட ஆக்கள்' அல்லாத ஒரு பெடியனைக் கட்டிக்கொண்டு லண்டனின் மறுகோடியில், லூயிஷாமில் இருந்தாள். அங்கே போனால் திரும்பி வரவேண்டாம் என்பது தலைவர் மனைவிக்கு இட்ட உத்தரவு. பேரன் நடக்கத் தொடங்கிவிட்டான் என்பதே மீன்கடையில் யாரோ சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

படத்தின் முடிவில் தகப்பன் மகள் வீட்டு வாசலில் முழங்காலில் விழுந்தார். தலைவர் தொண்டையைச் செருமினார்.

“ஐயாவுக்குப் பனியில கால் சறுக்கிப்போட்டுது. மகள் ஓடிவந்து, ‘பிழை விட்டிட்டன் அப்பா, மன்னியுங்கோ’ எண்டு கேட்கிறா.”

தவநாயகி தேநீர்க் கேத்திலைக் கீழே வைத்தாள்.

“அந்த மனுசன் சறுக்கி விழேல்லை. மகளிட்ட மன்னிப்புக் கேட்கிறார்.”

தலைவர் பெருந்தன்மையோடு சிரித்தார். “உமக்கு இங்கிலிஷ் வாசிக்கத் தெரியாது. பேசாமல் இரும்.”

“முழங்காலில நிக்கிறது விளங்க இங்கிலிஷ் வேணுமே?”

ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு சபையைப் பார்த்தாள். கூட்டத்தில் பேசி அவளுக்குப் பழக்கமில்லை.

“நான் என்ர பிள்ளையிட்டப் போறன். ஆராவது காரில கொண்டுபோய் ஸ்டேஷனில விடுவியளே?”

வெளியே கார்கள் நெருக்கியடித்து நின்றன. உள்ளே இருந்தவர்கள் அவள் கையால் சாப்பிட்டவர்கள். விஷயம் முழுதும் அறிந்தவர்கள். சிலர் திரையைப் பார்த்தார்கள். சிலர் கையிலிருந்த வடையை ஆராய்ந்தார்கள். செயலாளர் யோகராஜா கார்ச் சாவி கிலுங்காதபடி சட்டைப்பையை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

தவநாயகி கோட்டை மாட்டிக்கொண்டு மழையில் இறங்கி நடந்தாள். ரயில் மாறி, வழி கேட்டு, லூயிஷாம் போய்ச் சேர்ந்தபோது கதவைத் திறந்தது மகள். நனைந்த கோட்டோடு கட்டிப்பிடித்தாள். பேரன்தான் புது ஆளைக் கண்டு மேசைக்கடியில் ஒளிந்துகொண்டான்.

மண்டபத்திலோ, அவள் போன கையோடு தலைவர் நன்றியுரை ஆற்றினார். ஊமைப்படக் கலை எங்கள் சமூகத்தில் இவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கும் என்று தாம் எதிர்பார்க்கவில்லை என்றார்.

மறுத்துச் சொல்ல ஒருவரும் வாய் திறக்கவில்லை.