முதல் தரப்பு, இரண்டாம் தரப்பு, அபூ ரக்கான்

"தண்ணி என் தலையில சொட்டுதுங்க!" என்றார் இரண்டாம் மாடி அபூ கஸ்ஸான்.

"சொட்டட்டும். அது எந்தத் தரப்போட தண்ணின்னு முதல்ல முடிவு பண்ணணும்," என்றார் அபூ ரக்கான்.

மாடிப்படியில் நின்றபடியே கையிலிருந்த தடிப் புத்தகத்தைப் புரட்டினார். கட்டட நிர்வாக உரிமத் தேர்வுக்கான புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் முதல் தரப்பு, இரண்டாம் தரப்பு என்று யார் யாரோ வந்து, ஒருவர்மேல் ஒருவர் பொறுப்பைத் தள்ளிவிட்டுப் போனார்கள்.

"குழாய் சுவருக்குள்ள இருந்தா முதல் தரப்பு, அதாவது சொந்தக்காரர். வெளியே இருந்தா இரண்டாம் தரப்பு, குடியிருக்கிறவர். அலட்சியத்தால உடைஞ்சிருந்தா... இருங்க, மேல உம்மு தலால் அலட்சியமா குளிச்சாங்களா, அக்கறையா குளிச்சாங்களா?"

"அதை நான் எப்படிங்க போய்க் கேட்கிறது!" அபூ கஸ்ஸான் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டார். மருந்துக்கடைக்காரர். எதையும் பொறுத்துக்கொள்ளும் முகம். "பிளம்பரைக் கூப்பிட்டா ஆகாதா?"

"கூப்பிட வேண்டியது யாருங்கிறதுதானே கேள்வியே!"

ஜித்தாவின் அந்தப் பழைய நான்கு மாடிக் கட்டடத்தை அபூ ரக்கான்தான் பல வருடங்களாகப் பார்த்துக்கொள்கிறார். தரைத்தளத்தில் குடியிருப்பு. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து, வயிறாரச் சாப்பிட்டு எல்லோரும் கண்ணயர்ந்த நேரத்தில் தீ அபாய மணியை அடித்துப் பார்ப்பார். மணி வேலை செய்கிறதா என்று அப்போதுதான் தெளிவாகத் தெரியும் என்பது அவர் கட்சி. வருகிற விருந்தாளியை வாசலிலேயே நிறுத்தி எந்த வீடு, என்ன விஷயம், எப்போது திரும்புவீர்கள் என்று விசாரிப்பார். யார் வீட்டிலாவது துணி துவைக்கும் இயந்திரம் உறுமினால் கதவைத் தட்டி உள்ளே போய் அதன்மேல் காதை வைத்துக் கேட்பார். இப்படிப் பொறுப்பான ஆள் ஊரிலேயே கிடையாது என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

கட்டடத்தின் சொந்தக்காரர் ஷேக் யஸ்லம், வடக்கே கடலோரத்தில் புதிதாக ஓர் அடுக்குமாடி எழுப்பியிருந்தார். "லைசென்ஸ் வாங்கிட்டு வா. அதை நீயே பார்த்துக்கோ, கடல் பார்த்த வீடும் உனக்குத்தான்," என்று சொல்லியிருந்தார். "வாங்கலைன்னா அது என் அக்கா மகனுக்கு. நீ எப்பவும்போல இங்கேயே இரு."

ஏற்கனவே இரண்டு முறை எழுதித் தோற்றாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் மனைவி நவால் டீ கிளாசுகளைச் செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்குவதும், முடிவு வந்ததும் பிரித்து அலமாரியில் வைப்பதுமாக இருந்தாள். இந்த முறையும் அடுக்கிவிட்டாள்.

"இன்னொரு தடவை பிரிக்க வச்சீங்க, கிளாசுக்குப் பதிலா உங்களைச் சுத்திக் கட்டிடுவேன்," என்றாள்.

கட்டடமே அவருக்கு உதவியாகத் திரண்டதுதான் ஆச்சரியம்.

அபூ கஸ்ஸான் ஒழுகலை மறந்து, தினமும் கடையை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார். "உடம்பு மாதிரி நினைச்சுக்கோங்க. கட்டடம்தான் உடம்பு. சொந்தக்காரர் எலும்பு, குடியிருக்கிறவன் வயிறு. வயிறு கெட்டா யாரு பொறுப்பு?"

"எலும்பு."

"எலும்பு எப்படிங்க பொறுப்பாகும்?"

"சுவருக்குள்ள இருக்கே!"

நாலாம் மாடி ஷவ்கீ எகிப்துக்காரர், கணக்காளர். அவர் பாடத்தின் பக்கமே போகவில்லை. "புரியலைன்னா விடைகள்லயே நீளமானதைத் தேர்ந்தெடுங்க. பொய் சொல்றவன் சுருக்கமா சொல்லுவான்," என்றார். மறுநாள், "இல்லை இல்லை, பொய் சொல்றவன்தான் நீட்டுவான்," என்று மாற்றிச் சொல்லிவிட்டுப் போனார்.

அபூ ரக்கானுக்கு இப்போது எலும்பு, வயிறு, நீளம், குட்டை எல்லாம் சேர்ந்து சுழன்றன. காலையில் ரொட்டியும் அதற்குத் தொட்டுக்கொள்ள ஃபூல் என்ற பயறு மசியலும் வாங்கப் போனவர், கடைக்காரரிடம், "இதில் ரொட்டி எந்தத் தரப்பு?" என்று கேட்டுவிட்டார்.

கடைசியில் உம்மு தலால் அவரைக் கையில் எடுத்தாள். முப்பது வருடம் பெண்கள் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அவளைக் கண்டால் லிஃப்டே நேராக நிற்கும்.

"படிச்சா ஏறாது உனக்கு. எழுதிப் பழகு. வீட்டைக் காலி பண்ணச் சொல்லி ஒரு அறிவிப்பு எழுது, பார்ப்போம்."

அபூ ரக்கான் எழுதினார். நிஜம் மாதிரி இருந்தால்தான் பழகும் என்று கட்டட முத்திரையையும் குத்தினார். ஏறும்போதும் இறங்கும்போதும் மனப்பாடம் செய்யலாம் என்று லிஃப்டுக்குள் ஒட்டினார்.

அன்று மாலை ஷவ்கீ வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் கட்டில்கள் எல்லாம் சுவரோரம் நிமிர்ந்து நின்றன. மனைவி மதாம் இன்ஷிராஹ் திரைச்சீலையைக் கழற்றியபடி ஏணியில் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"காலி பண்ணணுமாம்! முத்திரையோட ஒட்டியிருக்கு! நாம என்ன பாவம் பண்ணினோம்?"

ஷவ்கீ இறங்கி வந்து விஷயத்தைச் சொன்னதும் அபூ ரக்கான் பதறிப்போனார். அந்தக் காகிதத்தைக் கிழித்திருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் ஓர் அறிவிப்பை மறு அறிவிப்பால்தான் ரத்து செய்ய முடியும் என்று புத்தகம் சொல்கிறதே. 'மேற்கண்ட அறிவிப்பு செல்லாது' என்று எழுதி உம்மு தலாலிடம் காட்டினார்.

"காரணம் எங்கே? காரணமில்லாத அறிவிப்புக்கு நான் மார்க் போட மாட்டேன்."

காரணமும் சேர்த்தார். 'ஏனெனில் அதை எழுதியவருக்கு உரிமம் இல்லை. இக்கட்டடத்தில் கையெழுத்திடும் அதிகாரம் தற்சமயம் எவருக்கும் இல்லை.' இந்த முறை யார் கண்ணிலும் தப்பக்கூடாது என்று தெருவாசலில் பெரிய எழுத்தில் ஒட்டினார். உம்மு தலால் பத்துக்கு ஒன்பது போட்டாள்.

தேர்வுக்கு முந்தைய நாள் தண்ணீர் லாரி வந்தது. ஓட்டுநர் குழாயை இழுத்துக்கொண்டு வாசல்வரை வந்தார். அறிவிப்பை நிதானமாகப் படித்தார். குழாயைச் சுருட்டத் தொடங்கினார்.

"ஏய், ஏய், எங்க போறீங்க? தொட்டி காலியா இருக்கு!" என்று ஓடி வந்தார் அபூ ரக்கான்.

"ரசீதுல கையெழுத்துப் போட ஆளில்லைன்னு எழுதியிருக்கே. சும்மா இறக்கிட்டுப் போனா என் முதலாளி என்னைப் பிழிஞ்சுதான் தண்ணி எடுப்பாரு."

"நான் போடறேன்யா கையெழுத்து!"

"நீங்க யாரு?"

"இதை எழுதினதே நான்தான்!"

"அப்ப சரி. உங்களுக்கு அதிகாரம் இல்லைன்னு நீங்களே எழுதிட்டீங்க. வர்றேன்."

லாரி போய்விட்டது. வேறு லாரி கேட்டு அங்குமிங்கும் போன் செய்தார். வெயில் கொளுத்துகிறது, எல்லோருக்கும் தண்ணீர் வேண்டும், நாளை மறுநாள்தான் என்றார்கள். மாலைக்குள் கட்டடத்தின் எல்லாக் குழாய்களும் ஒரு முறை விக்கிவிட்டு ஓய்ந்தன.

வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக அபூ ரக்கான் வாசலில் நின்றார். முதலில் வந்தவர் அபூ கஸ்ஸான். தலை நிறைய ஷாம்பு நுரை, கழுத்தில் துண்டு.

"நான் என்ன சொல்றதுன்னே தெரியலை அபூ கஸ்ஸான்..." என்று ஆரம்பித்தார் அபூ ரக்கான்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லை. நாளைக்குத்தானே பரீட்சை? உள்ள போய்ப் படிங்க." நுரை கண்ணில் இறங்கியது, துடைத்துக்கொண்டு சிரித்தார். "ஒழுகலும் நின்னுபோச்சு பாருங்க!"

பின்னாலேயே ஷவ்கீ குடிதண்ணீர் புட்டிகளோடு வந்து, "நீங்க முகம் கழுவ வச்சுக்கோங்க. நாங்க எப்படியாவது சமாளிச்சுக்குவோம்," என்றார். உம்மு தலால் துவா ஓதி அவர் நெற்றியில் ஊதினாள். மதாம் இன்ஷிராஹ், இருந்த கொஞ்சத் தண்ணீரில் அவருக்கு மட்டும் டீ போட்டு அனுப்பினாள்.

அபூ ரக்கான் டீயோடு உள்ளே போனார். "பார்த்தியா நவால்? தண்ணியை நிறுத்தினவனுக்கு டீ கொடுக்கிறாங்க. இப்படிப்பட்ட ஜனங்களை எங்க பார்ப்போம்?"

"எனக்கும் ஒண்ணும் புரியலை," என்றாள் நவால் உண்மையாகவே.

மறுநாள் தேர்வுக் கூடத்தில் கணினிமுன் உட்கார்ந்தார். முதல் கேள்வியே கண்ணைக் கட்டியது. முதல் தரப்பு எது, எலும்பு எது? நீளமான விடையா, குட்டையா? நீளம் ஒன்று, குட்டை ஒன்று என்று மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டே போனார். நடுவே அந்தக் கேள்வி வந்தது: மேல் வீட்டிலிருந்து கீழ் வீட்டுக்குத் தண்ணீர் ஒழுகுகிறது; நிர்வாகி முதலில் என்ன செய்ய வேண்டும்?

முதல் தரப்பு, இரண்டாம் தரப்பு, மூன்றாம் தரப்பு என்று மூன்று விடைகள் நீளமாக வழியை அடைத்து நின்றன. நாலாவது விடை மட்டும் குட்டையாக இருந்தது: 'தண்ணீரை நிறுத்த வேண்டும்.'

"அடடே," என்று வாய்விட்டே சொன்னார் அபூ ரக்கான். "இதை நான் பண்ணிட்டேனே!"

மேற்பார்வையாளர் திரும்பி முறைத்தார்.

முடிவு அங்கேயே திரையில் வந்தது. படித்தார். பக்கத்து நாற்காலிக்காரரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். பிறகு மேற்பார்வையாளரிடம் போய், "ஐயா, இது வேற யாரோட முடிவாவது இருக்குமோ?" என்று கேட்டார்.

"உங்க பேருதான் போட்டிருக்கு. பாஸ். கிளம்புங்க."

அவர் வீடு திரும்பியபோது கட்டடமே கீழே கூடியிருந்தது. போனில் சேதி கேட்டதிலிருந்து அபூ கஸ்ஸான் பஸ்பூஸா இனிப்புத் தட்டோடு நின்றிருந்தார். இன்னும் தலையில் நுரை காய்ந்த தடம் இருந்தது. மதாம் இன்ஷிராஹ் குலவையிட்டாள். ஷவ்கீ கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்தார். உம்மு தலாலின் கண்கூட ஈரமாக இருந்தது. நவால் டீ கிளாஸ் பெட்டியைக் கட்டி வாசலுக்கே கொண்டுவந்திருந்தாள்.

"எப்ப கிளம்பறீங்க?" என்று ஆவலோடு கேட்டார் ஷவ்கீ. "சாமான் தூக்க நாங்க எல்லாரும் வர்றோம்."

அபூ ரக்கான் கையை உயர்த்தினார்.

"வர்ற வழியில ஷேக்குக்கு போன் பண்ணினேன்," என்றார். "புது இடத்துக்கு உடனே வரச் சொன்னார். கடல் பார்த்த வீடு, சம்பளம் ஜாஸ்தி. நான் வேணாம்னுட்டேன். உங்க அக்கா மகனுக்கே கொடுங்கன்னு சொல்லிட்டேன். தண்ணியில்லாம தவிச்சப்பவும் எனக்கு டீ போட்டுக் கொடுத்த உங்களை விட்டுட்டு நான் எங்க போவேன்? சாகிறவரைக்கும் இந்தக் கட்டடம்தான். இனிமே உரிமத்தோட பார்த்துக்கறேன்!"

நவால் பெட்டியின்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அபூ கஸ்ஸானின் கையில் பஸ்பூஸா தட்டு மெல்லச் சாய்ந்தது. ஷவ்கீ உம்மு தலாலைப் பார்த்தார். உம்மு தலால் கூரையைப் பார்த்தாள்.

மதாம் இன்ஷிராஹ்தான் முதலில் வாய் திறந்தாள்.

"ஐயோ, அபூ ரக்கான்! நீங்க போயிடணும்னுதானே இத்தனை பேரும் உயிரைக் கொடுத்து உங்களைப் பாஸ் பண்ண வச்சோம்!"