ஜப்பான் செடிக்கு நான் கொடுத்த கியாரண்டி

பட்டப்படிப்பில் முதல் வருஷம் இருப்பவர்களுக்குத் தெரியாத விஷயமே உலகத்தில் கிடையாது. இரண்டாம் வருஷத்திலிருந்துதான் ஒவ்வொன்றாகத் தெரியாமல் போக ஆரம்பிக்கும். நான் அப்போது தஞ்சாவூரில் தாவரவியல் முதல் வருஷம். ஒரத்தநாட்டுப் பக்கம் எங்கள் ஊரிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண். அம்மா கத்தரிக்காய் நறுக்கினால், "இது காய் இல்லம்மா, கனி" என்று திருத்திவிட்டுத்தான் சாப்பிட உட்காருவேன். (அந்த அரிவாள்மணையை அம்மா என் மேல் வீசாமல் இருந்தது அவருடைய பெருந்தன்மை.)

ஊரில் அப்போது வீட்டுக்கு ஒரு கட்சிக் கொடி பறந்தது. குத்தகைக்காரர் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. அப்பா மிராசுதாரின் நிலத்தில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே சாகுபடி செய்துவந்தார். பதிவு கேட்டதும், நிலத்தை விட்டு வெளியேறச் சொல்லி மிராசுதார் வழக்குப் போட்டார். அப்பா விவசாயிகள் சங்கத்தில் சேர்ந்தார். ஒரு அறுவடைக்குப் போலீஸே வந்து வரப்பில் நின்றது. எப்படியோ சங்கச் செயலாளர் நடையாய் நடந்து ஒரு சமாதானத்துக்குக் கொண்டுவந்திருந்தார். மிராசுதார் வழக்கை வாபஸ் வாங்கிப் பதிவுக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். கார்த்திகையில், அவர் வீட்டுக் கூடத்திலேயே.

வழக்கெல்லாம் ஆண்களுக்குள்தான். மிராசுதாரின் மனைவி ராஜலட்சுமி அம்மாள் எங்களோடு பேச்சை நிறுத்தவேயில்லை. ஐப்பசியில் ஒருநாள் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். அவர்கள் மகன் ஜப்பானுக்குப் பயிற்சிக்குப் போய்த் திரும்பும்போது பெட்டிக்குள் ஒளித்து ஒரு செடி கொண்டுவந்திருந்தான். சாம்பல் பச்சையில் தடித்த இலைகள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சின்னத் தாமரையைக் கல்லில் செதுக்கியதுபோல இருந்தது. நடுவிலிருந்து இப்போது ஒரு கூம்பு கிளம்பியிருந்தது.

"செல்வி, நீ செடி படிக்கிறியாமே. இது ஏன்டி இப்படிக் கெளம்புது? நோவு கீவா?"

அந்தச் செடியை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை அப்போது என்னிடம் கைவசம் இல்லை.

"நல்ல ஆரோக்கியம்மா. பூக்கப் போவுது. இனிமே வருஷா வருஷம் பூக்கும்."

ஊஞ்சலில் இருந்த மிராசுதார் நிமிர்ந்தார். "நெசமாவா?"

"இருபது வருஷம் நிக்கும் ஐயா. நான் கியாரண்டி." (இருபது எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.)

மிராசுதாருக்கு அதில் ஒரு சந்தோஷம். கையெழுத்துப் போடுகிற நேரத்தில் வீட்டில் பூக்கிறது என்றால் நல்ல சகுனம்தான் என்று சொன்னாராம். செடியும் கூம்பு முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. நான் ஊரில் தலைநிமிர்ந்து நடந்தேன்.

அப்புறம் அடி இலைகள் சுருங்க ஆரம்பித்தன.

கல்லூரி விட்டு வந்ததும் அங்கே ஓடினேன். காய்ந்ததைக் கிள்ளினேன், வெயிலில் வைத்தேன், நிழலில் வைத்தேன். தெரிந்த தாவரவியல் அத்தனையும் செய்தேன். அதாவது, இரண்டு நாளில் தீர்ந்துவிட்டது. கையெழுத்து நாளன்று காலையில் ஒத்தாசைக்கு என்று போய்ப் பார்த்தால் செடி மொத்தமும் பழுப்பாகித் தொட்டியில் சாய்ந்து கிடந்தது. பூ மட்டும் சுமாராக இருந்தது. துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி, தண்டுக்குள் செருகி, நிமிர்த்தி மண்ணில் நட்டேன். மோசமான பக்கத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன். ராஜலட்சுமி அம்மாள் அந்தத் தொட்டியைத் தூக்கிவந்து, பத்திரத்துக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டார்.

எல்லாரும் உட்கார்ந்தார்கள். மிராசுதார் பேனாவைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துச் சங்கச் செயலாளர் மரியாதைக்காக ஒரு வார்த்தை கேட்டார்.

"என்ன செடிங்க இது? புதுசா இருக்கு?"

"ஜப்பான்லேர்ந்து வந்தது. இருபது வருஷம் நிக்குமாம்" என்று சொல்லிக்கொண்டே மிராசுதார் பூவைப் பிடித்து அவர் பக்கம் லேசாகத் திருப்பினார்.

செடி கையோடு வந்துவிட்டது. கல்யாண மாப்பிள்ளை கையில் பூச்செண்டு இருக்குமே, அதேபோல. கீழே ஈர்க்குச்சி நீட்டிக்கொண்டிருந்தது.

மிராசுதார் பேனாவை மூடினார். "கோவிந்தராசு, உம் பொண்ணு என்னய்யா பண்ணுச்சு இதை?"

அப்பா என்னைப் பார்த்தார். "என்னம்மா பண்ண?"

"செத்துப்போச்சுப்பா" என்றேன். அது கூடத்தில் இருந்த எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

"மனசுல வஞ்சம் வச்சுக்கிட்டு பூச்சிமருந்த ஊத்திட்டீங்களா? கையெழுத்தும் கெடையாது, ஒண்ணும் கெடையாது!"

அப்பா எழுந்துவிட்டார். "ஐயா, பச்சைய அழிச்சுப் பொழைக்கிற குடும்பம் இல்லீங்க எங்களுது." அந்த நிலம் போனால் எங்களுக்கு வேறு எதுவும் இல்லை. என் படிப்பும் அந்த நெல்லில்தான் நடந்தது. அங்கேயே மண்ணோடு மண்ணாகப் போய்விட்டால் தேவலை என்று நின்றேன்.

ராஜலட்சுமி அம்மாள் மட்டும் தொட்டிக்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, கொஞ்சம் கத்தாம இங்க பாருங்க. வாழ தாரு போட்டா தாய்மரம் என்னாவும்?"

"சாயும்."

"அடியில?"

"கன்னு நிக்கும்" என்ற மிராசுதாரின் குரல் பாதியிலேயே இறங்கிவிட்டது. எட்டிப் பார்த்தார். செத்த செடி இருந்த இடத்தைச் சுற்றி, சருகுக்கு அடியில், கடலைப்பருப்பு அளவில் குட்டிக் குட்டித் தாமரைகள், தொட்டி நிறைய.

"இதும் அந்த மாதிரி போலருக்கு. இவ என்ன பண்ணுவா பாவம்? கையெழுத்தப் போடுங்க, காப்பி ஆறுது."

மிராசுதார் என் பக்கம் திரும்பினார். "அப்ப இந்தக் குச்சி?"

"அது... வாழைக்கு முட்டுக் குடுப்போம்ல ஐயா..."

செயலாளருக்குக் காப்பி புரையேறிவிட்டது. மிராசுதார் அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. தொந்தி குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே போட்ட கையெழுத்து கொஞ்சம் கோணலாக விழுந்தது. கோணலானாலும் கையெழுத்து கையெழுத்துதான்.

வீடு திரும்பும்போது அப்பா வாய்க்கால் மதகு வரை விறுவிறுவென்று நடந்தார். மதகில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சிரித்தாரா அழுதாரா தெரியவில்லை. "நல்லாப் படிம்மா. இன்னும் கொஞ்சம் படிச்சுட்டு அப்பறமா கியாரண்டி குடு" என்றார்.

பின்னாளில்தான் அந்தச் செடியின் பெயர் ஒரோஸ்டாக்கிஸ் என்று தெரிந்துகொண்டேன். கிழக்காசியாவில் பாறை இடுக்கிலும் வீட்டுக் கூரையிலும் வளருமாம். பெயருக்கு மலைக்கதிர் என்று பொருளாம். ஒருமுறைதான் பூக்கும். பூத்தால் சாகும், குட்டிகளை விட்டுவிட்டு. நான் எதுவும் செய்யாமல் இருந்திருந்தாலும் செத்திருக்கும். இதைத் தெரிந்துகொண்ட அன்று அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார், ஏற்றுக்கொள்ளவில்லை.

நிலம் எப்படிக் கிடைத்தது என்று யார் கேட்டாலும் கடைசிவரை அவர் ஒரே பதிலைத்தான் சொன்னார். "சட்டம் வந்துச்சு, சங்கம் வந்துச்சு, போலீசும் வந்துச்சு. ஒண்ணும் நடக்கல. எம்பொண்ணு ஒரு செடியக் கொன்னா, பட்டுன்னு கையெழுத்து விழுந்துடுச்சு." இப்போது என் தம்பி அதையே அவன் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்கிறான். நான் கொல்லவில்லை என்று நானும் ஒவ்வொரு தடவையும் குறுக்கே விழுந்து சொல்கிறேன். ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியை பேச்சை அந்த வீட்டில் யார் கேட்கிறார்கள்?