கிளெனிஸ் குறைத்த வரிசை

காலை எட்டு மணி அடித்ததும் ஊரே சேர்ந்து போன் செய்தால் எந்த ஆஸ்பத்திரிதான் தாங்கும்? எங்கள் வேல்ஸ் பள்ளத்தாக்கில் இருக்கும் அரசு கிளினிக்கில் தினமும் இந்தக் கூத்துதான். எட்டுக்கே கூப்பிட்டால் அன்றைக்கு டாக்டரைப் பார்க்கலாம். பல் தேய்த்துவிட்டுக் கூப்பிட்டால் நாளைக்குத்தான்.

பிரச்சினை மேலிடம் வரை போய்விட்டது. சுகாதார வாரியத்திலிருந்து பென்ரோஸ் என்றொரு அதிகாரி கிளினிக் மேனேஜர் கிளெனிஸைப் போனில் கூப்பிட்டார். மாதக் கடைசியில் நேரில் வருவாராம். காத்திருக்கும் கூட்டம் குறையவில்லையென்றால் கிளினிக்கை இழுத்து மூடிவிட்டு, ஜனங்களை ஏதோ ஒரு செயலியிடம் வியாதியைச் சொல்லச் சொல்லிவிடுவாராம்.

"கூரை ஒழுகினா ஓடு மாத்துவோமா, இல்ல வீட்டையே இடிப்போமா?" என்று கேட்டுவிட்டு கிளெனிஸ் போனை வைத்தாள். கேள்வி நல்ல கேள்விதான். கூரைமேல் ஏறியது கிளெனிஸ் என்பதுதான் சிக்கல்.

போனில் காத்திருப்பவர்கள் எரிச்சலடையக் கூடாதே என்று எங்கள் ஊர்ப் பாடகர் குழுவின் பாட்டைப் போட்டாள். அவ்வளவுதான், லைன் கிடைத்தவர்கள்கூட இந்தப் பாட்டு முடியட்டும் என்று சொல்லிவிட்டார்கள். கூடவே பாடியவர்களும் உண்டு.

போனே வேண்டாம், நேரில் வாருங்கள் என்றாள். விடிவதற்குள் வாசலில் வரிசை. எங்கள் ஊர் மழையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மனசு கேட்காமல் ரக்பி கிளப்பிலிருந்து கூடாரம் கொண்டுவந்து கட்டினாள். நிற்கிறார்களே என்று நாற்காலி போட்டாள். உட்கார்ந்தவர்களைச் சும்மா விட முடியுமா? டீயும் கேக்கும் வந்தன. வரிசை தெருமுனையைத் தாண்டியது.

இதில் இன்னொரு கூத்து. உள்ளே டாக்டர் பியூ கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாசலில் ஒருவரும் உள்ளே போகவில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்குத்தான் முண்டியடித்துப் போகத் தெரியாதே! உள்ளே கூப்பிட்டால், முதலில் நிற்பவர் பின்னால் இருக்கும் அம்மாளிடம் திரும்பி, உங்களுக்குத்தான் முட்டிவலி, நீங்கள் போங்கள் என்பார். அந்த அம்மாள் தனக்குப் பின்னால் இருமுகிறவரைக் காட்டுவாள். இருமுகிறவர் சட்டென்று இருமலை நிறுத்திவிடுவார். மரியாதை இப்படியே தெருமுனை வரை போய்த் திரும்பி வரும்.

மாதக் கடைசியும் வந்தது. பென்ரோஸ் வந்து இறங்கியபோது கூடாரத்துக்குள் சிரிப்பும் சீட்டாட்டமும் அமர்க்களப்பட்டன. டாக்டர் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"வெளிய இவ்வளவு கூட்டம், உள்ள ஒருத்தரும் இல்ல. இதையா சரி பண்ணலாம்னு சொன்னீங்க?" என்றார் பென்ரோஸ். கோபமாகக்கூட இல்லை, பரிதாபமாகக் கேட்டார்.

இருபது வருஷமாகக் கிளெனிஸ் கட்டிக்காத்த இடம் அது. வரிசையின் தலையில் உட்கார்ந்திருந்த இட்வலிடம் போனாள். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பெண்டாட்டி செத்துப்போனதிலிருந்து வாரம் தவறாமல் டாக்டரிடம் வருகிறவர்.

"இட்வல் அண்ணே, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். இன்னைக்கு ஒரு நாளாவது உள்ள போங்க. இல்லன்னா இவங்க இடத்தையே மூடிடுவாங்க."

இட்வல் கையிலிருந்த சீட்டைக் கவிழ்த்து வைத்தார். அவளையும் அதிகாரியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உள்ள போயி என்னம்மா பண்றது? 'உங்களுக்கு மருந்தே வேணாம், வீட்ல தனியா கெடக்காம நாலு பேரோட பேசிச் சிரிங்க'ன்னு டாக்டரு எங்க எல்லாருக்கும் ஒரே வைத்தியத்தைத்தான் சொல்லியிருக்காரு, அதைத்தான் தெனம் இங்க வந்து பண்ணிக்கிட்டிருக்கோம்."