மஞ்சள் துணி போர்த்திய சர்வர்

அந்த வருடம் ராயபுரத்தில் இரண்டு பேருக்குத்தான் கூட்டம் கூடியது. ஒருவர் தேர்தலில் நின்றவர். இன்னொருவர் கம்ப்யூட்டருக்குப் பேய் ஓட்டும் மின்னல் சித்தர். முதலாமவருக்காக லாரியில் ஆள் ஏற்றி வந்தார்கள். சித்தருக்காக லாரிகளே வரிசையில் நின்றன.

நின்றது பக்தியால் அல்ல, வண்டியை வெளியே விடும் கேட் பாஸ் இல்லாததால். அந்தக் கன்டெய்னர் கிடங்குக் கம்பெனிக்கு ராயபுரம், மணலி, எண்ணூர் என்று மூன்று ஆபீஸ். கணக்கெல்லாம் மூன்று இடத்துக் கம்ப்யூட்டர்களிலும் பங்குபோட்டு இருக்கும். ஓரிடத்தில் ஒருவர் கேட் பாஸ் கணக்கைத் திறந்து பிடித்துக்கொண்டால், அவர் விடும்வரை மற்ற இரண்டு இடமும் காத்திருக்க வேண்டியதுதான். அடிபம்பில் குடத்தை வைத்துவிட்டு ஒருத்தர் ஊர்க்கதை பேசப் போன மாதிரி. குடம் யாருடையது, எந்த வேலை எங்கே ஓடுகிறது என்பதை ராயபுரம் சர்வரின் திரை பெயர் போட்டே காட்டும்.

அந்தத் திரையைத்தான் சித்தர் மஞ்சள் துணியால் மூடச் சொல்லியிருந்தார். பார்த்தால் உக்கிரமாகிவிடுமாம். எம்.காம். படித்த மேனேஜர் அருள்பிரகாசம் தானே துணி வாங்கி, தானே போர்த்தி, கீபோர்டில் குங்குமமும் வைத்தார். படிப்பு வீண்போகவில்லை, பொட்டு நடுவில் சரியாக இருந்தது. சர்வரைக் கவனித்த பழைய ஆள் வேலையை விட்டுப் போயிருந்தார். அந்த இடத்துக்கு எழில்மொழி வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

சிஸ்டம் நிற்கும். சித்தர் வருவார். கற்பூரம், எலுமிச்சை, பூசணிக்காய். மந்திரம் மணலியிலும் கேட்க வேண்டும் என்று அங்கே போன் போட்டு ஸ்பீக்கரைத் திறந்து வைக்கச் சொல்வார். மணி அடிப்பார். அடுத்த நொடி பிரிண்டர் கடகடவென்று கேட் பாஸைத் துப்பும். வாசலில் டிரைவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

"மாமு, நம்ம வண்டி இன்ஜினுக்கும் இவரையே இட்டாந்துடலாம் போலக்கீதே!" என்பார் டிரெய்லர் ஓட்டும் உசேன்.

அன்று சித்தர் தரையில் எலுமிச்சையை உருட்டினார். அது எண்ணூர் லைன் வயரிடம் போய் நின்றது. அந்த அறையின் தரை அந்தப் பக்கம் சாய்வு. பேனா விழுந்தாலும் அங்கேதான் போகும்.

"எண்ணூர்ல மிஷின் முன்னாடி குந்திகினு கீற பொண்ணோட கைதான் தோஷம். அத்த வூட்டுக்கு அனுப்பு, சிஸ்டம் இனிமே நிக்கவே நிக்காது" என்றார் சித்தர்.

எண்ணூர் ஆபரேட்டர் ஜெரினாவை வேலையைவிட்டு அனுப்பும் கடிதத்தை அப்போதே எழுதி வைத்துக்கொண்டு, அவளை ராயபுரத்துக்கு வரவழைத்தார் மேனேஜர். கணவன் வேலை பார்த்த ஃபேக்டரி மூடியதிலிருந்து அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. அவள் நாற்காலிக்கு மணலி ஆபரேட்டர் வேலப்பன் தன் மச்சானைச் சிபாரிசு செய்திருந்தான். இந்தச் செய்தி மட்டும் சித்தரின் ஞானதிருஷ்டியில் ஏனோ படவில்லை.

"சார், என் கை இன்னா சார் பண்ணுச்சு? காலைலருந்து மிஷின் சும்மா முழிச்சுகினு கீது. நான் தொடக்கூட இல்ல" என்று அழுதாள் ஜெரினா.

"அவங்க கை இங்கேதானே இருக்கு சார். அப்புறம் சிஸ்டம் ஏன் இன்னும் நிக்குது?" என்றாள் எழில்மொழி.

"தோஷம் அங்கேயே ஒட்டிக்கிட்டு இருக்கும்மா. உனக்கு இதெல்லாம் புரியாது" என்றார் மேனேஜர்.

எழில்மொழிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மணலிக்குப் போன் போட்டுவிட்டுச் சித்தர் கண்ணை மூடியதும், சுவரிலிருந்த போன் வயரைச் சத்தமில்லாமல் பிடுங்கினாள்.

சித்தர் மணி அடித்தார். பிரிண்டர் அசையவில்லை. மறுபடி அடித்தார். திருவொற்றியூர் வரைக்கும் கேட்கும்படி அடித்தார். வியர்வையில் விபூதி கரைந்து ஓடியது.

"இன்னா சாமி, பேட்டரி டவுனா?" என்றார் வாசலிலிருந்து உசேன்.

"சர்வர் உங்க கண்ணு முன்னாடி இருக்கு. மணி சத்தம் அதுக்குக் கேக்கலையா?" என்றபடி எழில்மொழி வயரைத் திரும்பச் செருகினாள். உடனே போன் அலறியது. ஸ்பீக்கரை அழுத்தினாள்.

"இன்னா சாமி, லைன் கட்டாயிடுச்சு?" வேலப்பனின் குரல் அறை முழுக்கக் கேட்டது. "மணி அட்ச்சியா இல்லியா? எம்மா நேரம்தான் கேட் பாஸைப் புட்ச்சுகினு குந்திகினு கீறது? உட்டுடவா?"

எழில்மொழி மஞ்சள் துணியை இழுத்தாள். மேனேஜர் பயந்து கண்ணைப் பொத்திக்கொண்டார். உக்கிரம் எதுவும் வரவில்லை. ஓடும் வேலைகளின் பட்டியல்தான் வந்தது. மேலே: மணலி, வேலப்பன், காலையிலிருந்து பிடித்திருக்கிறார். கீழே ராயபுரமும் எண்ணூரும்: காத்திருக்கின்றன. எழில்மொழி வேலப்பனின் வேலையை மட்டும் தேர்ந்தெடுத்து நிறுத்தினாள். கற்பூரம் இல்லாமலேயே பிரிண்டர் கடகடத்தது.

சித்தர் செருப்பைத் தேடினார். அது உசேன் கையில் இருந்தது.

"எங்க சாமி கெளம்பிட்ட? கேட் பாஸ் இல்லாம இங்கருந்து ஒண்ணும் வெளிய போவாது."

மேனேஜர் போலீசுக்குப் போன் போட்டார். கடிதத்தை ஜெரினாவே வாங்கிக் கிழித்தாள். பிறகு அந்த மஞ்சள் துணியாலேயே கீபோர்டில் இருந்த குங்குமத்தை அழுத்தித் துடைத்துவிட்டு, எண்ணூருக்கு பஸ் ஏறினாள்.

உங்கள் ஆபீசிலும் எதன் மேலாவது மஞ்சள் துணி போர்த்தியிருக்கிறதா? கும்பிடுவதற்கு முன்னால், ஒருமுறை தூக்கிப் பார்த்துவிடுங்கள்.